கலங்கல் மருந்தின் கதை

இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், உள்ளே இருக்கும் மருந்து தெளிவாக இருக்கிறதா, கழுநீர் மாதிரி கலங்கலாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பேனாவின் பெயர் தெரிந்திருக்கும், காலையில் எத்தனை யூனிட், ராத்திரி எத்தனை யூனிட் என்பதும் தெரிந்திருக்கும். இது மட்டும் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. சென்னையில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணாடி சிரிஞ்சை வேகவைத்துப் போட்ட காலமும் பார்த்தேன், பட்டனை அழுத்தினால் போதும் என்ற காலமும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஊசி சுலபமானது. அதைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் தேய்ந்துபோனது. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சுத்தமான மருந்தல்ல. பேன்டிங்கும் பெஸ்டும் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு அது. ஊசி போட்ட இடம் புண்ணானதுதான் மிச்சம், சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான்.

அந்த மருந்துக்கு ஒரு குறை இருந்தது. சில மணி நேரம்தான் வேலை செய்யும். நாளுக்குப் பல ஊசி, தூங்கும் குழந்தையை நடுராத்திரியில் எழுப்பி இன்னொன்று. டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடார்ன் என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு சிறு துகள்களாகி, தோலுக்கடியில் மெல்ல மெல்லக் கரைந்தன. 1936ல் இதை வெளியிட்டார். கலங்கலான இன்சுலின் இப்படித்தான் பிறந்தது. அந்தக் கலங்கல் அழுக்கல்ல, கெட்டுப்போனதும் அல்ல. மருந்து நெடுநேரம் நிற்பதற்காக வேண்டுமென்றே உண்டாக்கியது.

ஆனால் அதோடு தெளிந்த மருந்தைக் கலக்க முடியவில்லை. மிச்சமிருக்கும் புரோட்டமின் அதையும் பிடித்து மெதுவாக்கிவிடும். 1946ல் ஹேகடார்னின் கூடத்தில், புரோட்டமினும் இன்சுலினும் ஒன்றுக்கொன்று சரியாகத் தீரும்படி அளவு பார்த்துச் சேர்த்தார்கள். அதுதான் என்.பி.எச். இன்சுலின். அந்தப் பெயரில் எச் என்பது ஹேகடார்னைத்தான் குறிக்கிறது. இதனுடன் தெளிந்த மருந்தைக் கலந்தால் ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு உடனே வேலை செய்வது 30 பங்கு, நின்று வேலை செய்வது 70 பங்கு என்று இன்று 30/70 பேனாவில் அடைத்து வருகிறதே, அதன் வேர் அங்கேதான்.

சென்னையில் 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நான் பயிற்சிக்கு வந்தது அதற்கு எத்தனையோ காலம் கழித்து. அப்போதும் வார்டில் சர்க்கரை பார்ப்பது சிறுநீரில்தான். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், 8 சொட்டு சிறுநீர், கொதிக்கவிட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. நிறத்தைப் பார்த்து எத்தனை யூனிட் என்று டாக்டர் எழுதி வைத்திருப்பார்.

கண்ணாடி சிரிஞ்சைப் பிரித்து ஸ்டெரிலைசரில் வேகவைப்போம். ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்துவதால் முனை மழுங்கும். பஞ்சில் இழுத்துப் பார்த்து, நூல் மாட்டினால் கல்லில் தீட்டுவோம். சில சிரிஞ்சுகளில் ஒரு பக்கம் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான கோடு, மறுபக்கம் 80க்கான கோடு. எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று சீனியர் சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். இன்னொரு சிஸ்டர் வந்து அளவைப் பார்த்த பிறகுதான் நோயாளியிடம் போக வேண்டும்.

தெளிந்த பிளெயின் இன்சுலினையும் கலங்கலான லென்டே இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் கலப்பது தனி வித்தை. முதலில் கலங்கல் பாட்டிலைக் கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்கி, அதற்குள் காற்றை விட வேண்டும். பிறகு தெளிந்த பாட்டிலுக்குள் காற்றை விட்டு, அந்த மருந்தை முதலில் இழுக்க வேண்டும். கலங்கல் எப்போதும் இரண்டாவது. மாற்றிச் செய்தால் தெளிந்த பாட்டிலுக்குள் கலங்கல் ஏறி, மீதி மருந்து முழுவதும் வீண். இதை நாங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வீட்டுக்குப் போகும் நோயாளிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தே அனுப்புவோம், கண் தெரியாத பாட்டியென்றால் பேத்திக்கு. இரண்டும் கலந்த 30/70 பாட்டில் வந்தபோது பெரிய பாரம் இறங்கியது உண்மை.

பேனா பிறந்தது ஒரே இடத்தில் அல்ல. கிளாஸ்கோவில் ஷீலா ரீத் என்ற நீரிழிவு மருத்துவரின் மகளுக்கே அந்த நோய். பொது இடங்களில் பாட்டிலும் சிரிஞ்சுமாகக் குழந்தைக்கு ஊசி போடப் பட்ட பாடு அவரை யோசிக்க வைத்தது. சக மருத்துவர்களோடு சேர்ந்து, சட்டைப் பையில் வைக்கும்படியான ஊசிக் கருவியை 1981ல் வெளியிட்டார். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1985ல் மருந்துக் குப்பி மாற்றும் பேனாவைக் கொண்டுவந்தது. மருந்தை அடைத்தே விற்று, தீர்ந்தால் தூக்கியெறியும் பேனா 1989ல் வந்தது.

இழுக்க வேண்டாம், கலக்க வேண்டாம், கோடு பார்க்க வேண்டாம் என்று பேனாவைப் புகழ்ந்தார்கள். கலக்க வேண்டாம் என்பதில்தான் தப்பு நேர்ந்தது. விகிதம் பார்த்துச் சேர்க்கும் வேலைதான் தொழிற்சாலைக்குப் போனது. துகள் அடியில் படிவது நிற்கவில்லை. 1999ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, பேனா பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் போதிய அளவு கலக்குவதில்லை என்று காட்டியது. பேனாவுக்குள் ஒரு கண்ணாடி மணி உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்ததல்ல, கலக்குவதற்காக வைத்தது.

என்னிடம் ஒரு அம்மா வந்து அழுதார். "சிஸ்டர், அதே இருபது யூனிட்தான் போடுறேன். ஒரு நாள் முந்நூறு காட்டுது, ஒரு நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டி மயக்கம் வருது." பேனாவை வாங்கிப் பார்த்தேன். மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளைப் படிவு. யாராவது உருட்டச் சொன்னார்களா என்றேன். "உருட்டணுமா?" என்றார். மேலுள்ள தெளிவு மட்டும் போனால் நின்று வேலை செய்யும் மருந்து போதாமல் சர்க்கரை ஏறுகிறது. படிவு அளவுக்கு மீறிப் போனால் ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறது. கைகளுக்கிடையில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாக்கி, ஒரே சீராக வெள்ளையான பிறகு போட்டால் போதும். குலுக்கக் கூடாது, நுரை வரும்.

நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே பாட்டில் மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 100. பேனா ஊசி தீர்ந்துபோன ராத்திரியில், 40க்கான சிரிஞ்சால் பேனாவிலிருந்து உறிஞ்சிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். உயிருக்கே ஆபத்து. பேனாவிலிருந்து சிரிஞ்சால் எடுக்கவே கூடாது.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சுகர் இருந்தால் ஒரே பேனா, ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. குத்தும்போது ரத்தம் குப்பிக்குள் ஏறக்கூடும். அமெரிக்காவில் எல் பாசோ ராணுவ மருத்துவமனையில் இப்படிப் பகிர்ந்ததால் 2,000க்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ல் எச்சரித்தது. ஒரு பேனா ஒரே ஆளுக்கு.

இப்போது கூட்டு மருந்தே தெளிவாக வருகிறது. டெக்லுடெக், ஆஸ்பார்ட் என்ற இரண்டு இன்சுலின்கள் சேர்ந்தது ஒன்று. இன்சுலினோடு வேறு வகை மருந்தைச் சேர்த்த இரண்டு பேனாக்களுக்கு அமெரிக்கா 2016ல் அனுமதி தந்தது. இவற்றை உருட்ட வேண்டியதில்லை. தெளிந்த மருந்து கலங்கினால் அது கெட்டதென்று அர்த்தம், தூக்கியெறிய வேண்டும். ஒரு பேனாவில் கலங்கல் இருந்தே ஆக வேண்டும், இன்னொன்றில் இருக்கவே கூடாது. டாக்டர் மருந்தை மாற்றியிருந்தால் பழைய பழக்கம் தப்பாகிவிடும். விலை குறைவென்பதால் கலங்கல் 30/70 நம் வீடுகளில் இன்னும் பல வருடம் இருக்கும்.

பேனா உங்கள் கைக்கு வந்தால், கொடுப்பவர் முன்னாலேயே ஒருமுறை முழுவதும் செய்து காட்டுங்கள். இது கலங்கலா தெளிவா, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடுவது என்று கேளுங்கள். புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெளியே விட்டு, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். குத்தி அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை எடுக்காதீர்கள். போட்டதும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள், அங்கே தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. டாக்டர் சொல்லாமல் யூனிட்டைக் கூட்டாதீர்கள். வேர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று யாராவது சொன்னால், மறுநாளும் போய்க் கேளுங்கள். பேனாவுக்குக் கொடுத்த காசில் அந்தப் பத்து நிமிஷமும் சேர்த்திதான்.