ஜொகூர் இலச்சினையில் இரண்டு இலைகள்

பண்டைத் தமிழ் வேந்தர் மூவரும் புலி, கயல், வில் எனத் தத்தமக்குரிய பொறிகளைக் கொண்டிருந்தனர் என்பது தமிழ் பயில்வோர் நன்கறிந்த செய்தி. அப்பொறிகள் கொடியில் பறந்தன, காசில் பதிந்தன, செப்பேட்டு முத்திரையிலும் இடம்பெற்றன. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழரின் புலியோடு பாண்டியரின் இரு கயல்களும் சேரரின் வில்லும் உள்ளன. முத்திரையைச் சுற்றியுள்ள எழுத்தைப் படிக்க இயலாதவனும் எவர் எவரை அடக்கினார் என்பதை அவ்வுருவங்களால் உணர்ந்துகொள்வான்.

ஜொகூர் மாநிலத்தின் இலச்சினையிலும் புலிகள் உள்ளன. அப்புலிகளையும் சோழரின் புலியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் ஆவல் தமிழ் உள்ளத்தில் எழுதல் இயல்பே. ஆயினும் அம்முடிச்சு நில்லாது. சோழர் முத்திரையில் புலியே அரசு. ஜொகூர் இலச்சினையிலோ நடுவில் ஒரு கேடயம் உண்டு. புலிகள் இரண்டும் அதன் இருபுறமும் பின்னங்கால்களில் நின்று அதனைத் தாங்குகின்றன. கேடயம், அதனைத் தாங்கும் விலங்குகள், மேலே முடி, கீழே நாடாவில் பொறித்த வாசகம் என்னும் இவ்வமைப்பு ஐரோப்பிய அரச குடும்பங்களின் மரபு. அவ்வமைப்பில் மலாய் நாட்டு விலங்கும், இசுலாமிய மரபின் பிறையும் விண்மீனும், சாவி எழுத்தும் இடம் பெற்றிருப்பதே ஈண்டு நோக்கற்பாலது. நாடாவிலுள்ள மலாய் வாசகம் இறைவனிடமே ஒப்படைக்கிறோம் என்னும் பொருளுடையது.

ஐரோப்பிய மரபை ஒரு மலாய் அரசர் மேற்கொண்டது ஏன்? வெறும் ஆடம்பர மோகம் என்று சொல்லிவிடுவது எளிது. அன்றைய அரசியல் நிலை அப்படிச் சொல்ல விடுவதில்லை. நீரிணைக்கு அப்பால் இருந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றோடு 1867இல் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடாயிற்று. அதன் சின்னம் சிவப்புச் சாய்சதுரத்தின்மேல் கவட்டை வடிவில் அமைந்த வெள்ளைப் பட்டையும், அதன்மேல் மூன்று முடிகளும் ஆகும். மூன்று ஊர்களுக்கு மூன்று முடிகள். மூன்றும் இலண்டனின் முடிகளே. மண்ணுக்குரிய மரமோ விலங்கோ அதில் இல்லை.

அத்தகைய அண்டை நாட்டின் எதிரே ஜொகூரை ஆண்டவர் அபு பக்கார். 1862இல் தெமெங்கோங் பதவியேற்ற அவர், 1866இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா பேரரசியைக் கண்டார். 1868இல் மகாராஜா என்னும் பட்டம் பூண்டார். 1885ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள் இலண்டனில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் பிரித்தானியர் அவரைச் சுல்தான் என ஏற்றனர். எனினும் வெளிநாட்டு உறவு அவர்கள் கைக்குச் சென்றது. மறு ஆண்டு அவர் முடிசூடினார். மலாய் அரசர் பலர் தெங்கோலோக் என்னும் தலைப்பாகை அணிவாராக, ஜொகூர் அரசர் பொன்முடி அணியும் வழக்கம் இவர்வழி வந்தது. அவர் காலத்தில் உருப்பெற்ற இலச்சினையின் உச்சியில் இருப்பதும் அரச முடியே. பிரித்தானியர்க்கு விளங்கும் மொழியில், ‘ஈதும் ஓர் அரசு’ என்று அவர் அவர்களுக்கே உரைத்தார் எனலாம். அவ்வுரை சில காலமே பயன் தந்தது. அவர் மைந்தர் சுல்தான் இபுராகிம் காலத்தில், 1914இல், ஜொகூர் பிரித்தானியப் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. ஆயினும் சட்ட நோக்கில் ஜொகூர் குடியேற்ற நாடு ஆகவில்லை. பாதுகாப்புக்குட்பட்ட அரசாகவே இருந்தது. பாடம் நடத்துவோர் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

முடியையும் புலியையும் காண்போர் பெரும்பாலும் இலைகளைக் கவனிப்பதில்லை. இலச்சினையை அழகு செய்யும் அவ்விலைகளுள் ஒன்று மிளகுக் கொடியின் இலை. மற்றொன்று கம்பிர் இலை. முசிறித் துறையில் யவனர் மிளகு பெற்றுச் சென்றதைச் சங்கப் பாடல்களால் அறிந்த தமிழ் மாணவர்க்கு மிளகை விளக்க வேண்டுவதில்லை. கம்பிரையும் அவர்தம் பாட்டியர் ஒருவாறு அறிவர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி போன்ற துவர்ப்புப் பொருள் அதன் இலையிலிருந்து கிடைப்பது. தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் ஐரோப்பியத் தொழிலகங்கள் அதனை மிகுதியாக வாங்கின.

இவ்விரண்டு இலைகளும் ஒருங்கே இடம்பெற்றதற்குத் தோட்டத்து நடைமுறையே காரணம். கம்பிர் இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் இட்டுக் காய்ச்சுவர். சாறு இறுகியதும் கட்டிகளாக வெட்டி உலர்த்துவர். எஞ்சிய சக்கை மிளகுக் கொடியின் அடியில் எருவாகும். மிளகு பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும். கம்பிரோ அடிக்கடி பறிக்கத் தக்கது. ஆகவே மிளகு காய்க்கும்வரை குடியானவனுக்குச் சோறிட்டது கம்பிரே. ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டும். அதற்குச் சுற்றிலுமுள்ள காடு அழியும். 15, 20 ஆண்டுகளில் மண்ணும் சலித்துவிடும். சிங்கப்பூரில் அவ்வாறு நிலம் சலித்தபோது சீனக் குடியானவர் நீரிணையைக் கடந்தனர். அபு பக்காரின் தந்தையார் தெமெங்கோங் இபுராகிம் 1840களில் ஆற்றுப் பத்திரம் வழங்கி, ஒவ்வோர் ஆற்றங்கரையையும் ஒரு சீனத் தலைவரிடம் ஒப்படைத்தார். அத்தலைவரைக் காங்சூ என்றனர். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் அக்குடியிருப்புகளின் எச்சங்களே. அவர்கள் அழித்த காட்டில் புலி கவிஞரின் உவமையன்று, கொல்லும் விலங்கு. சிங்கப்பூர்க் கம்பிர்த் தோட்டங்களில் புலிக்கு இரையான கூலியாட்கள் பலர். புலியைக் கொன்றார்க்கு அரசு பரிசும் அளித்தது.

பிற்காலத்தில் கூட்டரசின் இலச்சினை அமைந்தபோது ஜொகூரின் முடியும் இலையும் அதில் இடம்பெறவில்லை. கேடயத்தின் மேற்பகுதியிலுள்ள ஐந்து கிரிசு வாள்களுள் ஒன்றாக ஜொகூர் நிற்கிறது. பினாங்குக்குப் பாக்குமரமும் மலாக்காவுக்கு அதன் பெயர் கொண்ட மரமும் வாய்த்தன. அம்மலாக்கா மரம் நெல்லியின் இனம் என்பதை ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானை அறிந்தவர் மகிழ்வோடு கேட்பர்.

இனித் தமிழர் நிலை. இலச்சினை உருப்பெற்ற நாளில் ஜொகூரின் செல்வம் அவ்விரண்டு இலைகளில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அவற்றை வென்றது. 1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவரை வந்தது. 1917இல் காங்சூ முறை சட்டத்தால் ஒழிந்தது. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களின் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்தது அந்த ரப்பர்க் காலத்தில்தான். அவர்கள் வருமுன்னரே இலச்சினை வரையப்பட்டுவிட்டமையால், அவர்கள் சீவிய மரம் அதில் இல்லாதது குறித்து எவரையும் நோவதற்கில்லை. ஆனால் பின்னரும் அவ்விலைகளை எவரும் மாற்றவில்லை. கம்பிர்ச் செடியைக் கண்ணால் கண்ட மாணவர் இன்று ஜொகூரில் அரியர். அவர்கள் கண்டு வளர்ந்தவை பால்மரமும் செம்பனையுமே. அவ்விரண்டும் இலச்சினையில் இல்லை.