அடிக்கல் முதல், அறிக்கை பிறகு: உமா ஓயாவும் நம்ம கரண்ட் பில்லும்

பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் தந்து நீர்மின் நிலையங்களைக் குறிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். லக்ஷபான, நோட்டன், கெனியன், கொத்மலை, விக்டோரியா என்று குறித்துக்கொண்டே போனால் புள்ளியெல்லாம் மலைநாட்டிலேயே விழும். நாட்டுக்கு வெளிச்சம் குடுத்தது மலைத் தண்ணி. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தத் தண்ணியை எங்கே மறிப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, அதில் வரும் கரண்டுக்கு என்ன விலை போடுவது என்பதையெல்லாம் யார் முடிவெடுத்தார்கள், நமக்கு எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் பெருமை கொஞ்சம் இறங்கிவிடும்.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நம்ம ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை சமர்ப்பித்தது 1918இல். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து ஆக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அடுத்த வருடமே வாக்கும் பறிபோனது. பிறகு மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணிக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், நாம போய்ப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். அந்த நகரம் மூழ்கலாமா என்று கேட்கப்பட வேண்டிய ஆக்களில் பலருக்கு அன்றைக்கு வாக்கே இருக்கவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே இன்னொரு விசித்திரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல தோட்டங்களில் ஸ்டோர், ஓடைத் தண்ணியில் டர்பைன் சுற்றி ஓடியது. பக்கத்து லயத்தில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்குக் குப்பி விளக்குத்தான்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிந்தது. இனிமேலாவது நம்மிடம் கேட்டுத்தான் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஐந்து வருடம் கழித்து, நம்ம ஊவாவிலேயே அதற்கு ஒரு பரீட்சை வந்தது.

ஆற்றைத் திருப்பிய கதை

உமா ஓயா மகாவலியின் கிளை ஆறு. வெலிமடைப் பக்கம் புகுல்பொல, டயரபா என்ற இரண்டு இடங்களில் அதை மறித்து, மலையைக் குடைந்த சுமார் 15 கிலோமீற்றர் சுரங்கத்தால் தண்ணியைத் தெற்கே கொண்டுபோய், எல்ல-வெல்லவாய வீதிப் பக்கம் நிலத்துக்கடியில் இருக்கும் மின் நிலையத்தில் விழுத்துவதுதான் திட்டம். தலா 60 மெகாவோட் என்று இரண்டு இயந்திரங்கள், மொத்தம் 120 மெகாவோட். விழுந்த தண்ணி மறுபடி மகாவலிக்குப் போகாது. கிரிந்தி ஓயாப் பக்கம் திரும்பி மொனராகலை, ஹம்பாந்தோட்டை வயல்களுக்குப் போகும். அந்த வரண்ட பூமி விவசாயிகளுக்குத் தண்ணி தேவை என்பது உண்மை, அதில் சண்டை இல்லை.

சண்டை வரிசையில்தான். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இலங்கை வந்தபோது அடிக்கல் வைத்தாயிற்று. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. தேசிய சுற்றாடல் சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். பெரிய திட்டம் என்றால் முதலில் அறிக்கை, அதைப் பொதுமக்கள் படித்துக் கருத்துச் சொல்ல 30 நாள், பிறகுதான் அனுமதி. இரண்டு நாட்டுத் தலைவர்கள் சேர்ந்து கல் வைத்த பிறகு வருகிற அறிக்கை "வேண்டாம்" என்று சொல்லுமா? சொன்னாலும் யார் கேட்பது? அந்த நேரத்தில் அறிக்கை வெறும் சடங்காகிவிடுகிறது.

காசு விஷயமும் அப்படித்தான். 500 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட திட்டத்தில் 85 சதவீதத்தை ஈரான் கடனாகத் தருவதாகப் பேச்சு. ஈரான் மீதான சர்வதேசத் தடைகள் இறுகியதும் சுமார் 50 மில்லியன் டொலரோடு கடன் நின்றது. மிச்சத்தை இலங்கை அரசே போட வேண்டி வந்தது, அதாவது நம்ம வரிக்காசு.

பீலி வத்தினபோது

2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் தண்ணி பீறிட்டது. ஊவா மலையில் நாம குடிக்கும் பீலித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் பாறை வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணிதான். அதற்குக் கீழே சுரங்கம் போனால், பானையின் அடியில் ஓட்டை போட்ட மாதிரி. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் ஹீல்ஓயா, மக்குல்எல்ல மாதிரியான ஊர்களில் கிணறுகள் வத்தின. நிலம் இறங்கியது, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தண்ணி பவுசரில் வந்தது.

இது யாரும் நினைத்தே பார்க்க முடியாத விஷயமும் இல்லை. ஹப்புத்தளை மலைக்கு அந்தப் பக்கம், பலாங்கொடைப் பகுதியில் 1992இல் கட்டி முடித்த சமனலவெவ நீர்த்தேக்கம் நிரப்பத் தொடங்கியதுமே கசியத் தொடங்கியது. நம்ம மலையின் பாறை எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கசிவு ஒரு பாடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு "சுரங்கம் போகும் வழியில் எத்தனை கிணறு, எத்தனை ஊற்று இருக்கிறது? அதற்கு என்ன ஆகும்?" என்று அடிக்கல்லுக்கு முன்னால் ஊர்க்காரரிடம் கேட்டிருந்தால், பதில் சொல்ல ஆள் இருந்திருக்கும். எந்த மாசம் எந்தப் பீலி குறையும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

2017 ஜூன் 28ஆம் திகதி பண்டாரவளையில் கடைகளை மூடி ஆயிரக்கணக்கான சனம் வீதிக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் கொழும்பு வேகமாகத் திரும்பிப் பார்த்தது. அமைச்சரவை உபகுழு வந்தது, நோர்வே நிபுணர்கள் வந்தார்கள், கசிவை அடைக்கும் வேலையும் நட்டஈட்டுப் பேச்சும் சூடு பிடித்தன. கடைசியில் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி ரைசியும் ரணில் விக்கிரமசிங்கவும் சேர்ந்து திட்டத்தைத் திறந்துவைத்தார்கள். அடிக்கல்லிலிருந்து திறப்பு விழாவுக்கு 16 வருடம். முதலிலேயே கேட்டால் தாமதமாகும் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

105 ரூபா 1,300 ரூபா ஆன கதை

அணை தூரத்தில் இருக்கலாம். பில் நம்ம வாசலுக்கே வரும்.

2013க்குப் பிறகு சுமார் ஒன்பது வருடம் கரண்ட் கட்டணம் உயரவே இல்லை. அரசியலுக்கு அது வசதி. நட்டம் மின்சார சபையின் கணக்கிலும் அரச வங்கிகளின் கணக்கிலும் மறைந்திருந்தது. 2022இல் நாடு வங்குரோத்தானதும் மூடி திறந்தது. மாசம் 30 யூனிட் மட்டும் பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பல்ப், ஒரு டீவி, போன் சார்ஜ், அவ்வளவுதான். 2022 ஆகஸ்டுக்கு முன் யூனிட் 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா, மொத்தம் 105. ஆகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, ஆக மொத்தம் 1,300. ஏழு மாசத்துக்குள் பன்னிரண்டு மடங்கு. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் லயத்தின் பல்புக்குப் போதாது.

கட்டணத்தைத் தீர்மானிக்க ஒரு சுயாதீன அமைப்பு இருக்கிறது. 2002இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. மின்சார சபை கேட்பதை மக்கள் முன்னால் வைத்து, கருத்துக் கேட்டு, கூட்டலாம் அல்லது மறுக்கலாம் என்ற அதிகாரத்தை 2009இன் மின்சாரச் சட்டம் அதற்குக் கொடுத்தது. 2023 பெப்ரவரி உயர்வை அதன் தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 77க்கு எதிராக 123 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சொன்ன கணக்குச் சரியா பிழையா என்பது வேறு விவாதம். நடுவரை ஆளுங்கட்சிப் பெரும்பான்மை வெளியே அனுப்பலாம் என்றால், அடுத்த நடுவர் விசிலை எவ்வளவு சத்தமாக ஊதுவார்?

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 2024 கடைசியில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று யோசனை கொடுத்தது. ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் மக்கள் கருத்தைக் கேட்டது, சபையின் செலவுக் கணக்கைச் சோதித்தது. 2025 ஜனவரி 17ஆம் திகதி 20 சதவீதம் குறைத்தது. மக்கள் பேசினதால் மட்டும் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் சபை தன் கணக்கைப் பகிரங்கமாக நியாயப்படுத்த வேண்டியிருந்தது, அது எடுபடவில்லை. அதே வருடம் ஜூனில் 15 சதவீதம் கூடியது. ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு மறுத்தது. முடிவு எப்போதும் நமக்குச் சாதகமாக வராது. ஆனால் காரணம் வெளியே வரும், அந்தக் காரணத்தோடு நாம வாதாடலாம்.

லயத்திலிருந்து கேட்பது எப்படி?

கருத்துக்கேட்பு பதுளை டவுனில் வேலை நாளில் நடந்தால், தோட்டத்திலிருந்து போகிற ஆளுக்கு அன்றைக்குப் பேர் விழாது. போவதற்கு அவர் கொடுக்கும் விலை ஒரு நாள் சம்பளம். செலவுக் கணக்கு நூற்றுக்கணக்கான பக்கம், அதை எளிய தமிழில் சுருக்கிச் சொல்ல ஆள் வேண்டும். மூன்றாவது சிக்கல் இன்னும் ஆழமானது. சுரங்கத்தால் சுவர் வெடித்தால், உறுதிப் பத்திரம் கையில் இருப்பவர் நட்டஈடு கேட்கலாம். வீடும் காணியும் தன் பெயரில் இல்லாத லயத்துக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்பது? காணி உரிமைப் போராட்டமும் கரண்ட் முடிவுகளும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன.

கையில் ஒரு சாவி இருக்கிறது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, 100,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையோ 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தையோ தொடங்க மூன்று மாதம் முன்னால் அமைச்சர் தகவல்களை மக்களுக்கு வெளியிட வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும், தகவல் அதிகாரி அதை எழுதி எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உமா ஓயாவுக்கு அடிக்கல் வைத்த 2008இல் இந்தச் சட்டம் இல்லை. அடுத்த அணைக்கோ, காற்றாலைக்கோ, சூரிய மின் பூங்காவுக்கோ ஊவாவில் இடம் பார்க்க வரும்போது இருக்கும்.

பல்கலைக்கழகம் போன நமக்கு அறிக்கை வாசிக்கத் தெரியும், விண்ணப்பம் எழுதத் தெரியும். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது லயத்தில் ஒரு பில்லை எடுத்து வரி வரியாக விளக்கிச் சொல்லலாம். அடுத்த கருத்துக்கேட்புக்கு நம்ம தோட்டத்திலிருந்து நாலு வரி தமிழில் எழுதி அனுப்பலாம். மஸ்கெலியா மூழ்கினபோது நம்ம ஆக்களுக்குக் கேட்க உரிமை இல்லை. உமா ஓயாவில் உரிமை இருந்தது, கேள்வி பிந்திவிட்டது. அடுத்த அடிக்கல்லுக்கு முன்னாலேயே கேள்வி அங்கே போய்ச் சேர வேண்டும்.