கோடியக்கரையில் ஒரு கால் வளையம்

போன தை மாசக் கடைசி சனிக்கிழமை கோடியக்கரைக்குப் போயிருந்தேன். போனது பறவைப் படம் எடுக்க. வந்தது ஒரு கேள்வியோடு. அன்றிலிருந்து ராத்திரி ஆபீஸ் கால் எல்லாம் முடிஞ்ச பிறகு அதன் பின்னாலேயே சுத்திக்கிட்டு இருக்கேன். குறிப்புகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன, ஒரு இடத்தில் எழுதி வைத்துவிடலாம்.

முதலில் அன்றைய நாள். திருத்துறைப்பூண்டியில் மச்சான் வீட்டில் தங்கி, விடிகாலை நாலரைக்கு அவர் காரிலேயே கிளம்பினோம். வேதாரண்யம் தாண்டியதும் ரெண்டு பக்கமும் உப்பளம்; இருட்டிலும் உப்புக் குவியல் வெள்ளையாகத் தெரியும். கோடியக்காடு வந்ததும் சாலை மரங்களுக்குள் நுழைகிறது. 2018 நவம்பர் கஜா புயலில் இந்தக் காடு பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். மொட்டையாக நின்ற பாலை மரங்கள் இப்போது தழைத்திருக்கின்றன. வெளிமான்கள் சாலையோரமே நின்றன. 1967-இல் இதைச் சரணாலயம் ஆக்கியதற்கு முக்கியக் காரணம் இந்த மான்கள்தான். பறவைகளுக்கான பெரிய பெயர் பிறகு வந்தது. 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் இருந்து போன முதல் ஈரநிலம் இது. 38,500 ஹெக்டேர், வேதாரண்யம் சதுப்பையும் சேர்த்து.

பூநாரைகள் அன்று ரொம்பத் தூரத்தில் இருந்தன. 600 மில்லிமீட்டர் லென்ஸிலும் இளஞ்சிவப்புக் கோடுதான். ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பில் கானல் எழும்பிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் வேலைக்காகாது. அதனால் கிட்டே இருந்ததைப் பார்த்தேன்: உள்ளான் கூட்டம், உப்புக்கொத்திகள், நடுவே பத்துப் பன்னிரண்டு கருவால் மூக்கன்கள். மச்சான் "ஒரே பறவையை இத்தனை தடவையா மாப்ள எடுப்பீங்க" என்று கேட்டுவிட்டு காருக்குத் தூங்கப் போய்விட்டார்.

மூக்கன்களில் ஒன்று தண்ணீரை விட்டு வரப்பில் ஏறி நின்றது. காலில் ஏதோ மின்னியது. கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் உலோக வளையம். வளைவில் தெரிந்த அளவுக்குப் படித்தேன்: பி, ஓ, எம், அடுத்தது பாதி. 'பாம்' என்று ஆங்கிலத்தில் படித்து ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். பிறகுதான் புரிந்தது, அது பாம்பே. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வளையம். 'பாம்பே சங்கத்துக்குத் தகவல் சொல்லவும்' என்று ஆங்கிலத்தில் பொறித்து, கூடவே ஒரு எண் இருக்கும். எண்ணில் ரெண்டு இலக்கம்தான் கிடைத்தது.

கூட வந்த வனக்காவலர் சொன்னார்: "அது பாம்பே காரங்க போட்டது சார். எங்கப்பா அவுங்ககிட்ட வேலை பாத்துருக்காரு. ராத்திரி வலை கட்டுவாங்க, விடியறதுக்குள்ள எடை போட்டு வளையம் மாட்டி உட்டுருவாங்க." சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அப்ப ஊருல சில பேரு இது அமெரிக்காக்காரன் வேலைம்பாங்களாம், நோய் பரப்புறதுக்குன்னு" என்றார்.

டீக்கடைப் பேச்சு என்று விட்டுவிடுகிற விஷயம்தான். ஆனால் இது நம் நாடாளுமன்றம் வரை போன பேச்சு.

கதை கோடியக்கரையில் ஆரம்பிக்கவில்லை. 1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அதே காட்டுக்குப் போய்வந்த மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல், ரத்தக் கசிவு, சாவு. ஊர்க்காரர்கள் 'மங்கன காயிலே', குரங்கு நோய் என்றார்கள். புனேயில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு நடந்த வைரஸ் ஆய்வு மையம் கிருமியைப் பிரித்தெடுத்துப் பார்த்தது. உண்ணி மூலம் பரவுகிற வைரஸ். விசித்திரம் என்னவென்றால், அதற்கு நெருங்கிய சொந்தக்கார வைரஸ் இருந்தது சோவியத் நாட்டில். ரஷ்ய வசந்த-கோடை மூளைக்காய்ச்சல் என்று பெயர்.

ரஷ்யாவில் இருக்கிற வைரஸின் பங்காளி கர்நாடகக் காட்டுக்கு எப்படி வந்தது? வருஷா வருஷம் சைபீரியாவில் இருந்து வருகிறவர்கள் பறவைகள்தானே! அவற்றின் உடம்பில் ஒட்டிய உண்ணியில் வைரஸ் வந்திருக்குமோ என்று ஆய்வாளர்கள் நினைத்ததில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் முதலில் அந்த லாக்-ஐத்தான் திறந்து பார்த்திருப்பேன்.

இங்கேதான் சலீம் அலி வருகிறார். பறவைகளுக்கு வளையமிட்டு வலசைப் பாதையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆசை இருந்தது, காசு இல்லை. நோய் ஆராய்ச்சிக்குக் காசு இருந்தது, பறவை பிடிக்க ஆள் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனம் நிதி தர, பாம்பே சங்கத்தின் வலசைத் திட்டம் தொடங்கியது. கட்ச், பரத்பூர் என்று முகாம்கள். பறவை பிடிக்க பீகாரின் மீர்ஷிகார்கள் வந்தார்கள், பரம்பரையாக அதே தொழில் செய்தவர்கள். அவர்களில் அலி உசேன் ரொம்பப் புகழ் பெற்றவர். வளையம் மாட்டுவதோடு, பறவையின் உடம்பில் இருந்த உண்ணிகளையும் சேகரித்தார்கள்.

1963 முதல் 1971 வரை ஆசியா முழுக்க இதே மாதிரி இன்னொரு பெரிய திட்டம் நடந்தது: வலசை விலங்குகளின் நோய் பற்றிய கணக்கெடுப்பு. நடத்தியவர் எலியட் மெக்ளூர் என்கிற அமெரிக்கப் பறவையியலாளர். பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். பாம்பே சங்கமும் அதில் பங்காளி. இதை நிதானமாக ஒருமுறை படியுங்கள். பனிப்போர் காலம். வியட்நாமில் சண்டை நடக்கிறது. அமெரிக்க ராணுவப் பணத்தில், இந்தியாவில், எந்தப் பறவை எந்த உண்ணியைச் சுமந்துகொண்டு எங்கே போகிறது என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பறவைகள் கோடையில் திரும்பிப் போகிற இடம் சோவியத் யூனியன்.

1974-இல் இது வெடித்தது. பறவையால் அல்ல, கொசுவால். டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்க நிதியில் நடத்திய கொசு மரபியல் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகைச் செய்தி வந்தது. உயிரியல் போருக்கான சோதனையோ என்ற கேள்வி எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கையில் எடுத்தது, தலைவர் ஜோதிர்மய் பாசு. 1975-இல் வந்த குழுவின் 167-ஆவது அறிக்கை கொசுத் திட்டத்தோடு சேர்த்துப் பறவை வலசைத் திட்டத்தையும் அலசியது. சோனிப்பட்டில் நடக்க இருந்த கொசு விடுவிப்பு நின்றுபோனது. உயிரியல் போர் என்ற குற்றச்சாட்டை சலீம் அலி மறுத்தார். வாழ்நாள் முழுக்கப் பறவையோடு கிடந்த மனிதருக்கு அந்தச் சந்தேகம் எவ்வளவு கசந்திருக்கும் என்று தெரிகிறது.

ஆனாலும் கேள்வி கேட்டதில் தவறில்லை என்பதுதான் என் கட்சி. பணம் யாருடையது, தகவல் யாருக்குப் போகிறது, நம்மிடம் நகல் இருக்கிறதா: இந்த மூன்றையும் இன்றைக்கு ஒரு சின்ன செயலி எழுதினால்கூடக் கேட்கிறோம். ராணுவம் பறவையியலுக்குக் காசு கொடுத்தால் ஏன் என்று ஒரு மக்களாட்சி கேட்கத்தான் வேண்டும். அதே சமயம், கேட்டவர்களுக்கு வளையமிடுவது என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லாததும் நடந்திருக்கிறது. கோடியக்கரை டீக்கடை வரை இறங்கியது கேள்வி மட்டும்தான், பதில் வரவில்லை.

பதில் இதுதான். குரங்குக் காய்ச்சல் வைரஸைச் சைபீரியப் பறவை கொண்டுவரவில்லை. அது அந்தக் காட்டிலேயே, குரங்கு, எலி, உண்ணி என்று சுற்றிக்கொண்டிருந்தது. காட்டை வெட்டி வயலாக்கி, மாட்டை உள்ளே மேயவிட்டபோது, வளர்ந்த உண்ணிகளுக்கு மாட்டு ரத்தம் தாராளமாகக் கிடைத்துப் பெருகின. ஆக, விசாரித்தது மூக்கனை, காரணம் மாடும் கோடரியும். நோய் இன்றும் போகவில்லை; வயநாடு வரை வந்துவிட்டது.

பறவைக் கணக்கு மட்டும் வீண் போகவில்லை. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. எங்கிருந்து எங்கே போகின்றன என்பதற்குக் கையில் பிடிக்கிற சான்று. உண்ணியைத் தேடிப் போட்ட எண்தான், இன்று ஒரு சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடும்போது உதவுகிறது. 1980-களில் கோடியக்கரையில் சங்கம் முகாம் அமைத்துப் பெரிய அளவில் வளையமிட்டது. அப்போதும் அமெரிக்கப் பணம்தான், ஆனால் ராணுவம் அல்ல, மீன் மற்றும் வனவுயிர்த் துறை. காவலரின் அப்பா வேலை பார்த்தது அந்த முகாமில்.

மூக்கன் படத்தைச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ரெண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், பாவம். காவலருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவரின் வலது கை மட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லேசாகப் பிரிந்து, உள்ளங்கை குழிந்து. கழுத்தை ரெண்டு விரலுக்கு நடுவே விட்டு, முதுகு உள்ளங்கையில் படப் பறவையைப் பிடிக்கிற பிடி. கீழே எழுதியிருந்தார்: "படத்த காட்டுனேன் சார். ஒன்னும் சொல்லல. கைய இப்புடி வெச்சாரு."