டைமிங் பெல்ட்... அறுந்த பிறகு மாற்றலாம்னு இருக்காதீங்க!

பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் போன்ற கார்களில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது, பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். (ஸ்விஃப்ட் டீசலில் செயின். உங்க வண்டியில் எது என்று முதலில் கேட்டுக்கோங்க.) 'சத்தம் வந்தா பார்த்துக்கலாம்' என்பது இங்கே செல்லாது. பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல்தான் அறும். அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும். ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

ஓனர்ஸ் மேனுவலில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருந்தால், எது முதலில் வருதோ அதுதான் கணக்கு. 'வண்டி 30,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு' என்று பத்து வருட பெல்ட்டை நம்பாதீங்க. நின்ற இடத்திலேயே ரப்பர் வீணாகும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரா, பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வெச்சுக்கோங்க.

மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங், அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிடுங்க. பிரித்து மாட்டும் கூலியை இரண்டு முறை ஏன் கொடுக்கணும்? ஆயில் கசிந்தால் சீலையும் மாற்றணும். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் போயிடும். மாட்டி முடித்ததும், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் நேராக வருதான்னு பார்த்த பிறகே மெக்கானிக் சாவியைத் திருப்பணும்.