பிள்ளையும் தாபரிப்பும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் சமூகத்தில் ஒரு பிணக்கின் வரலாற்று அடிப்படை

விவாகரத்தின் பின் தாயிடம் வளர்ந்த பிள்ளை, சில ஆண்டுகள் கழித்துத் தாயின் தாயிடமோ தந்தையிடமோ சென்று சேர்வதுண்டு. அப்போது, அதுவரை தந்தை செலுத்திவந்த தாபரிப்புப் பணம் நிற்க வேண்டுமா, தொடர வேண்டுமா, தொடருமாயின் யார் கையில் சேர வேண்டும் என்னும் வினாக்கள் எழுகின்றன. கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் இவ்வினாக்களுக்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் ஒழுக்கவியல் சார்ந்தவை. தந்தை பொறுப்பற்றவன், தாய் பிடிவாதக்காரி என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. ஆயின், தனிமனிதரின் குணக்கேடே காரணம் என்று கொண்டால், ஒரே பிணக்கு ஒரே வடிவில் தலைமுறை தோறும் ஏன் தோன்றுகின்றது என்பதை விளக்க முடியாது. இப்பிணக்கு இரு வரலாற்றுப் போக்குகளின் சந்திப்பில் உருவானது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஒன்று, வீட்டைப் பெண்ணிடமும் வருமானத்தை ஆணிடமும் வைத்த சொத்துறவு. மற்றையது, பிள்ளையை ஒரு மன்றுக்கும் பிள்ளையின் சோற்றை வேறொரு மன்றுக்கும் பகிர்ந்தளித்த சட்ட வளர்ச்சி.

முதலில் சொத்துறவை நோக்குவோம். கிழக்கிலங்கைத் தமிழரிடையே போன்று இக்கரையோர முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவிவந்துள்ளது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் இடம்பெறுவர். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதுவதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதனைத் 'தாயுரிமைச் சமூகம்' என்று கொண்டாடுவோர் உளர். எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதியவற்றை இங்கு இயந்திரப் பாங்கிற் பொருத்துதல் பொருந்தாது. வீடு பெண்ணின் பெயரில் இருந்தது உண்மை. ஆனால் வயலும் வள்ளமும் கடையும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், குடியேற்றக் காணிகளின் பின்னுரித்தில் ஆண் உறவினருக்கே முன்னுரிமை வழங்கிற்று. மரைக்காயரும் ஆண், காதியும் ஆண். எனவே பெண் வசிப்பிடத்தின் உரிமையாளராக இருந்தாரேயன்றி, அவ்வசிப்பிடத்தில் அடுப்பெரியச் செய்யும் வருவாயின் உரிமையாளராக இருந்தாரல்லர்.

விவாகரத்து நிகழும்போது இம்முரண்பாடு வெளிப்படுகின்றது. இங்கு வீட்டைவிட்டு வெளியேறுபவர் கணவரே. பிள்ளை தாய்வீட்டில், தாயின் தாய் அருகிருக்க, பிறந்த குடிக்குள்ளேயே வளர்கின்றது. தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே எஞ்சும் பொருளியற் பிணைப்புத் தாபரிப்பு ஒன்றே. அதனைத் தன் பிள்ளைக்கு ஊட்டும் சோறாகவன்றி, தான் வெளியேறிய வீட்டுக்குக் கட்டும் வரியாகத் தந்தை காணத் தலைப்படுவதற்கு இதுவே அடிப்படை.

இனிச் சட்டத்தின் வரலாறு. 1806இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் முகம்மதியர் சட்டக்கோவை பிரகடனம் செய்யப்பட்டது. ஒல்லாந்தர் பத்தாவியாவில் தொகுத்த விதிகளே அதன் மூலம். கொழும்பு முஸ்லிம்களுக்கென ஏற்பட்ட அக்கோவை, 1852இன் கட்டளைச்சட்டத்தால் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. கரையோரத்தின் வாழும் வழக்குகள் எழுதப்பட்ட ஒரே கோவைக்குள் அடக்கப்பட்டன. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச்சட்டம் எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவாக இருந்தது. 1929இல் இயற்றப்பெற்று 1937இல் நடைமுறைக்கு வந்த கட்டளைச்சட்டம் காதி முறையை நிறுவிற்று. அதன் இடத்தில் வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954இல் அமுலாயிற்று. மனைவியினதும் பிள்ளையினதும் தாபரிப்பு, அத்தொகையின் கூட்டல் குறைத்தல் ஆகியன காதியின் தனி நியாயாதிக்கத்துக்கு உட்பட்டன.

ஆனால் பிள்ளையின் கட்டுக்காப்பு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. பிள்ளை யாரிடம் வாழ்வது என்பதை முடிவு செய்வது மாவட்ட நீதிமன்றம். பிள்ளை எதை உண்டு வாழ்வது என்பதை முடிவு செய்வது காதி மன்று. முன்னதில் சட்டத்தரணிகள் வாதாடுவர். பின்னதில் அவர்களுக்கு இடமில்லை. காதி விதித்த தாபரிப்புப் பணத்தை அறவிட வேண்டுமாயின், அது மூன்றாவதான நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்று, குற்றப்பணம் அறவிடப்படும் முறையில் அறவிடப்பட வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு தாய் மூன்று வாசல்களில் ஏற வேண்டியுள்ளது.

இப்பிரிவினை சமய விதியிலிருந்து பிறந்ததன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பிள்ளையை வளர்க்கும் உரிமையாகிய ஹழானா இளம் பருவத்தில் தாய்க்குரியது. தாய் அந்நியரை மறுமணம் செய்தால் அது தாயின் தாய்க்குச் செல்லும். ஏறத்தாழ ஏழு வயதில், பகுத்தறியும் பருவம் எய்திய பிள்ளை பெற்றோருள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். 1911இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் தந்தையை விடத் தாயின் தாய்க்கே முன்னுரிமை உண்டென ஏற்றது. இவ்வாறு வளர்ப்போர் மாறலாம். ஊட்டுவதற்கான பொருட்பொறுப்பு தந்தையை விட்டு நீங்குவதில்லை. அதாவது தாபரிப்பு வளர்ப்பவரின் கூலியன்று, பிள்ளையின் உரித்து.

நடைமுறையில் இக்கோட்பாடு தலைகீழாகின்றது. கட்டளை தாயின் பெயரில் இருக்கும். பிள்ளை தாயின் தாயிடம் இருக்கும். 'பிள்ளை உன்னிடம் இல்லையே' என்று தந்தை நிறுத்திவிடுகிறார். பேரப்பிள்ளைக்குச் சோறிடும் மூதாட்டியின் கையில் எந்தக் கட்டளையும் இல்லை. மறுபுறம், தாபரிப்பு வழக்கு எழுந்ததும் கட்டுக்காப்பைக் கோரி மாவட்ட நீதிமன்றம் செல்லத் தந்தைக்கு வழி திறந்தே கிடக்கின்றது. பிள்ளை உண்மையாகவே தந்தையிடம் சென்றுவிட்டால் மாதாந்தத் தொகை நிற்பது நியாயமே. எனினும் கடந்த மாதங்களின் நிலுவையையும் அதனோடு சேர்த்து அழிக்க முற்படுவது நியாயமன்று. அம்மாதங்களின் சோற்றைப் பிள்ளை முன்பே உண்டுவிட்டது. அக்கடனைத் தாய்வீடே சுமந்தது.

அண்மைக் காலத்து இரு நிகழ்வுகள் இம்முரண்பாட்டைக் கூர்மையாக்கியுள்ளன. 1970களின் பிற்பகுதி தொடங்கி மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்ற தாய்மார் பிள்ளைகளைத் தம் தாய்மாரிடமே விட்டுச் சென்றனர். தாயின் உழைப்பு நாட்டுக்கு அந்நியச் செலாவணியாயிற்று. தந்தையின் கடப்பாடோ அவ்வுழைப்பின் நிழலில் மறைந்தது. அடுத்தது 2004 டிசம்பர் 26இன் கடற்கோள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் அழிந்தன. அவற்றுட் பல சீதன வீடுகள். மீள்குடியமர்வில் 'குடும்பத் தலைவர்' என்ற நிருவாகக் கருத்தின் அடிப்படையில் புதிய வீடுகள் ஆண்களின் பெயரில் வழங்கப்பட்ட நிலைமை பெண்கள் அமைப்புகளின் கண்டனத்துக்குள்ளாயிற்று. தாய்வழியில் வந்த வீடு ஒரே கையெழுத்தில் கைமாறியது. அத்தகைய குடும்பத்தில் விவாகரத்து நேரின் வெளியேறுபவர் தாயும் பிள்ளையுமே. தாபரிப்புத் தொகையை அளக்கும்போது வாடகையையும் அதில் அளக்க வேண்டிய நிலை இங்கு முன்னில்லாதது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், வசதியுள்ள பெற்றோர் இருவரையும் ஆண், பெண் வேறுபாடின்றிப் பொறுப்பாக்கிற்று. காதியின் தனி நியாயாதிக்கம் காரணமாக முஸ்லிம் பிள்ளை அதன் வாசலுக்கு வெளியே நின்றது. 2009இல் நியமிக்கப்பெற்ற சலீம் மர்சூப் குழு 2018இல், உறுப்பினர் இரு பிரிவாகப் பிரிந்த நிலையில், அறிக்கை சமர்ப்பித்தது. அதனையொட்டிய விவாதம் பெரிதும் திருமண வயதையும் பெண் காதிகளையும் சுற்றியே நிகழ்ந்தது. அவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்று வாசல்களையும் ஒன்றாக்குவதும், கட்டளையைப் பிள்ளையின் பெயரிலேயே வழங்கிப் பிள்ளை செல்லுமிடத்துக்கு அது செல்லுமாறு செய்வதும் அவற்றுக்குக் குறைந்தனவல்ல.

சட்டம் திருந்தினால் மட்டும் சொத்துறவு மாறிவிடாது. ஆனால் எந்தச் சொத்துறவின் மீது சட்டம் நிற்கின்றது என்பதை உணராது திருத்தவும் இயலாது. பிள்ளை வீடு மாறும்போது பசியை விட்டுச் செல்வதில்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவேயாகும்.