முடக்குவாதம்

முடங்குதல் என்றால் மடங்குதல், சுருங்குதல். சுருட்டிய ஓலைக் கடிதத்துக்கு ‘முடங்கல்’ என்று பெயர் வந்தது அதனால்தான். பின்பாதியான வாதம், சித்த மருத்துவம் சொல்லும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் முதலாவது. வளி, அதாவது காற்று. பேச்சில் வாதம் என்றாலே பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். அதனால் இந்தப் பெயர் நோயாளியைத் தேவைக்கு மேல் மிரட்டுகிறது. முடக்குவாதத்தில் கைகால் இழுத்துக்கொள்வதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. கண், நுரையீரல், இதயம் வரை அது பரவலாம். மருந்துகளில் முதன்மையானது மெதோட்ரெக்சேட். வாரம் ஒருமுறைதான், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வேலியோரக் கொடி முடக்கத்தானும் இந்தச் சொல்லின் உறவுதான்: முடக்கு + அறுத்தான். தோசைக்கு அருமையான கீரை. பெயரை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது, அவ்வளவே.

தருமபுரி மாவட்டத்தில் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். இங்கே மூட்டு முடங்கியவர் எல்லாருக்கும் முடக்குவாதம் அல்ல. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு எலும்பைத் தடிக்கவைத்து, தசைநாண்களில் சுண்ணாம்பேற்றி, முதுகைக் கூனாக்கும். முடக்குவாதம் எலும்பை அரிக்கும், இதுவோ இறுகவைக்கும். எக்ஸ்ரேயில் வேறுபாடு தெரியும். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் காவிரி நீர் குழாய்க்கு எட்டியது.