கொல்லிமலை அடிவாரத்தில் மறைந்த தொகுதி

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், அறப்பளீசுவரர் கோயிலும், மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மலையின் ஒரு பக்கம் நாமக்கல் சீமையை நோக்கி நிற்க, கிழக்குச் சரிவில் ஐயாறு இறங்கிப் புளியஞ்சோலையைக் குளிர்வித்துத் துறையூர்ச் சமவெளியில் நுழைகின்றது. அச்சமவெளியில் உப்பிலியபுரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. மலையும் மக்களும் இன்றும் அங்கேயே இருக்க, தொகுதி மட்டும் 2008ஆம் ஆண்டு வரைபடத்திலிருந்து நீங்கிவிட்டது.

எங்கோ ஒரு தொகுதி மறைந்ததில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். அதன் வரலாறு நம் சமுதாயம் ஒரு காலத்தில் கண்டு, இழந்து, இன்றும் ஏக்கத்தோடு பேசுகின்ற ஒன்றை நன்கு விளங்கச் செய்கின்றது. ஆதலின் அதனை இங்கே சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஆகியவற்றில் வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தாராகக் கருதிவிடலாகாது. மலையை ஆள்பவர் என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். அவர்தம் மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கொல்லிமலையில் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என 14 நாடுகள் உள்ளன. இன்றைய ஊராட்சிகளும் அப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பச்சைமலையிலும் வண்ணாடு, கோம்பை நாடு, தென்பறநாடு என நாடுகள் உண்டு.

1976ஆம் ஆண்டின் எல்லை வரையறைப்படி தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் 42 தாழ்த்தப்பட்டோர்க்கும் 3 பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டன. அம்மூன்று ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என்பன. கொல்லிமலை நாடுகள் சேந்தமங்கலத்தில் அடங்கின. மலையின் கிழக்கடிவாரம் உப்பிலியபுரத்தின் பங்காயிற்று. 1977 முதல் 2006 வரை எட்டுப் பொதுத்தேர்தல்களை உப்பிலியபுரம் கண்டது. கடைசி இரண்டு தேர்தல்களில், 2001இல் ஆர். சரோஜாவும் 2006இல் ஆர். ராணியும் ஆகப் பெண்மக்கள் இருவரே அங்கிருந்து சட்டமன்றம் சென்றனர்.

இத்தகைய தொகுதிகளை நாம் ‘தனித்தொகுதி’ என்கின்றோம். இச்சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் முஸ்லிம்களுக்கு இருந்ததையும் தனித்தொகுதி என்றே பேசுகின்றோம். ஆனால் அது வேறு, இது வேறு. இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் குறிப்பிட்ட பிரிவினராக இருத்தல் வேண்டும். வாக்களிப்போரோ தொகுதி மக்கள் அனைவரும். அன்றைய முஸ்லிம் தொகுதியில் வேட்பாளரும் முஸ்லிம், வாக்களிப்போரும் முஸ்லிம்களே. தாழ்த்தப்பட்டோர்க்கு முன்னையதை முறைப்படுத்தியது 1932 செப்டம்பரில் எழுந்த பூனா ஒப்பந்தம். நமக்குப் பின்னையது கிடைத்த வரலாறு அதற்கும் முந்தியது.

1906 அக்டோபர் முதல் நாள் ஆகாகான் தலைமையில் முஸ்லிம் தூதுக்குழு ஒன்று சிம்லாவில் வைசிராயைக் கண்டு தனி வாக்குரிமை வேண்டியது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் அதனை வழங்கிற்று. 1916இல் காங்கிரசும் முஸ்லிம் லீகும் லக்னோவில் செய்துகொண்ட உடன்படிக்கை, மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டையும் எட்டாத சென்னை மாகாண முஸ்லிம்களுக்கு 15 விழுக்காடு இடங்களை ஒப்புக்கொண்டது. 1920 முதல் மாகாணச் சட்டசபைத் தேர்தல்களில் ‘முகமதியர் நகர்ப்புறம்’, ‘முகமதியர் கிராமப்புறம்’ எனத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 28 முஸ்லிம்களுக்கு உரியவை. முஸ்லிம் பெண்களுக்கென ஓரிடம் வேறு. பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினர்க்கும் மாகாணம் முழுமைக்குமாக ஒதுக்கப்பட்டது ஒரே ஓரிடம்.

எண்ணிக்கை இனிக்கத்தான் செய்கின்றது. எனினும் அக்காலத்தில் சொத்தும் வரியும் கல்வியும் உடையார்க்கே பெரிதும் வாக்குரிமை இருந்தது. கூலிவேலை செய்த முஸ்லிமும், மலையில் புன்செய் உழுத பழங்குடியும் அப்பட்டியல்களுக்கு வெளியே நின்றோரே. முஸ்லிம்கள் சிதறி வாழ்ந்தமையின், அவர்தம் கிராமப்புறத் தொகுதிகள் பொதுத்தொகுதிகளினும் பன்மடங்கு பரந்து கிடந்தன. பிரதிநிதியின் முகம் காணாமலே வாக்களித்தோர் பலராயிருந்திருப்பர் என்று எண்ண இடமுண்டு.

நாடு விடுதலையடைந்த சில நாள்களில், 1947 ஆகஸ்ட் 27 அன்று, சென்னை மாகாணத்தவரான பி. போக்கர் சாகிபு அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்குரிமை நீடிக்க வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார், அது தோற்றது. 1949 மே மாதம் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் அதற்காக வாதாடினார், சபை ஏற்கவில்லை. மதச் சிறுபான்மையினர்க்கான இட ஒதுக்கீடும் அப்போதே கைவிடப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மட்டும், பொது வாக்குரிமையுடன் கூடிய ஒதுக்கீடு அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.

இரண்டு முறைகளுள் எது சிறந்தது? இதனை எடைபோட நம் ஃபிக்ஹு நூல்களில் ஓர் அளவுகோல் உண்டு. வாக்கு என்பது சாட்சியம், பரிந்துரை, வகாலத் என்னும் மூன்றும் ஆகுமென மார்க்க அறிஞர் சிலர் விளக்கியுள்ளனர். வகாலத் என்பது ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்தல். ஒப்படைப்பவர் முவக்கில்; ஏற்பவர் வகீல். நம் வழக்கிலுள்ள வக்கீலும் இச்சொல்லே. வகீல் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை, அவரை நியமித்தவர் யார், நீக்கவல்லவர் யார் என்பதைக் கொண்டே அறிய வேண்டும். அவர் பிறந்த குலம் அதனை அறிவிக்காது.

உப்பிலியபுரத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். அங்கே உறுப்பினர் பழங்குடியினர். அவரை நியமித்தவருள் பெரும்பாலோர் சமவெளி மக்கள். மலைவாழ் மக்கள் தங்கள் பெயரால் அமைந்த தொகுதியிலேயே சிறுபான்மையினர். ஆகவே வகீல் மலையினர், முவக்கில் சமவெளியினர் என்றாயிற்று. முஸ்லிம் தொகுதியிலோ வகீலும் முவக்கிலும் ஒருவரே. ஆயினும் பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர் அவருக்கு வாக்களிக்கவும் இயலாது, அவரிடம் குறை சொல்லி முறையிடவும் உரிமை இல்லை. ஒரே தெருவில் வாழ்வோர் இரண்டு வாக்காளர் பட்டியல்களில் பிரிந்து நின்றனர். முதல் முறையில் குரல் தளர்ந்தது. இரண்டாம் முறையில் உறவு தளர்ந்தது.

குறையுடையதாயினும் அந்த ஒதுக்கீட்டால் பயன் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பழங்குடியில் பிறந்த ஒருவர் கட்சித் தலைமைக்குக் கட்டாயம் தேவைப்பட்டார். மலைப் பாதையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேச, அவற்றை அறிந்த ஒருவர் அவையில் இருந்தார். அந்த வாயிலும் அடைபட்டது. நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. தமிழகப் பழங்குடியினர் 6,51,321 பேர். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. 234 இடங்களில் அவர்தம் பங்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. அரை இடம் என ஒன்று இல்லாமையால் இரண்டாயிற்று. ஏற்காடும் சேந்தமங்கலமும் நின்றன, உப்பிலியபுரம் வீழ்ந்தது. தாழ்த்தப்பட்டோர்க்குரிய இடங்கள் 44 ஆயின. அவற்றுள் ஒன்று துறையூர். 2011 தேர்தலில் உப்பிலியபுரம் என்னும் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை.

கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பதினாறாயிரம் பேர் கூடியிருப்பின் அந்தப் பின்னம் மேலே ஏறியிருக்கும். எண்ணப்படுதலும், எல்லைக்கோடு எவ்வழி செல்கின்றது என்பதை அறிந்திருத்தலும் எத்துணை இன்றியமையாதன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நமக்கு ஒதுக்கீடும் இல்லை, தனி வாக்குரிமையும் இல்லை. எஞ்சியிருப்பன பொது வாக்கும் அண்டை அயலாரின் நல்லெண்ணமுமே. இவை சிறியன அல்ல. தமிழரான காயிதே மில்லத் அவர்களை மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது பொது வாக்கினால்தான். அங்கே முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர் என்பது உண்மை. சிதறி வாழும் தமிழக முஸ்லிம்களுக்கோ, பிறருடைய முவக்கில் உரிமையோடு தம் உரிமையையும் சேர்த்து, எல்லார்க்கும் பதில் சொல்லும் நேர்மையான வகீலைத் தேடுவதே வழி.

தொகுதிகளின் எண்ணிக்கையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை மாற்றலாகாது என 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் வகுத்தது. ஆகவே கணக்கெடுப்பாளர் வாயிலில் வந்து நிற்கும்போது, வீட்டிலுள்ள மூதாட்டி முதல் மடியிலுள்ள மழலை வரை ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெண்மக்களின் பெயர் சரியாக உள்ளதா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் மஹல்லா தோறும் பார்த்து உறுதி செய்யட்டும். எல்லை வரைவு வெளியாகும் நாளில் அதனை வாசித்துக் கருத்துரைக்க வல்ல நம் இளைஞர், மலைநாட்டுச் சகோதரர்க்காகவும் சேர்ந்தே பேசட்டும். வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக.